திருச்சபைச் சங்கங்களில் ஆயரல்லாதார்: உதயம்பேரூர் (1599) தரும் சொற்சான்றுகள்

கிறித்தவத் திருச்சபை வரலாற்று நூல்களைத் தமிழாக்குவோர் சங்கங்களில் பங்கேற்றோரின் பட்டப்பெயர்களுக்கு நிகரன் தேடுவதில் மிகுந்த அக்கறை காட்டுகின்றனர். ஆயர், குரு, தியாக்கோன், மடத்தலைவர் ஆகியோர் ஓர் அவையில் கூடினர் என்று எழுதிவிட்டால் பணி முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் அவருள் யார் தீர்மானித்தார், யார் இசைந்தார், யார் வெறுமனே நின்றார் என்பதை மூல ஆவணங்கள் பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொற்களாலேயே உணர்த்துகின்றன. அவ்வினைகளைப் பொருட்படுத்தாமல் மொழிபெயர்த்தால் அதிகார வேறுபாடே மறைந்துபோகும். கேரளத்து உதயம்பேரூரில் 1599இல் கூடிய சங்கம் இதற்குத் தக்க சான்றாகும். அதனை அறியப் பழைய சங்கங்களின் வழக்கை முதலில் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு எல்விராவில் கூடிய சங்கத்தில் ஆயர் பத்தொன்பதின்மரும், அவரினும் மிகுதியான குருமாரும் இருந்தனர். ஆயினும் அதன் முகப்புரையில் குருமார் உடனமர்ந்தனர், தியாக்கோன்மாரும் மக்களும் நின்றனர், ஆயர்கள் கூறினர் என மூன்று வினைகள் மூன்று நிலைகளுக்கு உரியனவாக வருகின்றன. 633ஆம் ஆண்டின் நான்காம் தொலேதோ சங்கம் இதனை ஒரு விதியாகவே வகுத்தது. அதன்படி ஆயர் பட்டம் பெற்ற முறையே அமர்வர். குருமார் அவர்க்குப் பின்னே அமர்வர். தியாக்கோன்மார் முன்னே நிற்பர்.

மடத்தலைவர் நிலை வேறு. கான்ஸ்டாண்டிநோபிளில் 448இல் ஃபிளாவியன் கூட்டிய சங்கத்தின் தீர்ப்பில் மடத்தலைவர் இருபத்து மூவர் ஒப்பமிட்டனர். ஆயின் ஆயர்கள் ‘தீர்மானித்து ஒப்பமிட்டேன்’ என்று எழுதும் கிரேக்க வாய்பாட்டில் ‘தீர்மானித்து’ என்னும் பொருள்தரும் ‘ஹோரிசாஸ்’ என்ற எச்சம் அவர்தம் ஒப்பங்களில் இல்லை. வராத ஆயருக்குப் பதிலாளாக வந்த குருவுக்கோ அவ்வெச்சம் உரியது. எனவே அது பட்டத்தின் அடையாளம் அன்று. தீர்மானிக்கும் உரிமையின் அடையாளம். அடுத்த ஆண்டே, 449இல், எபேசுவில் பேரரசர் இரண்டாம் தியோடோசியுஸ் பர்சௌமா என்னும் சிரிய மடத்தலைவரை ஆயர்களோடு சமமாக அமர்த்தி வாக்களிக்கச் செய்தார். கிரேக்கம் அறியாத அவர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசினார் என்பது நம் துறையினருக்குச் சுவை பயக்கும் செய்தி. மேற்கே 653இல் எட்டாம் தொலேதோ சங்கத்தின் ஒப்பங்களில் மடத்தலைவர் பெயர்கள் ஆயர் பெயர்களை அடுத்து வருகின்றன.

இனி உதயம்பேரூருக்கு வருவோம். அங்கமாலியின் ஆயராயிருந்த மார் ஆபிரகாம் 1597இல் மறைந்தார். கோவாப் பேராயர் அலெய்ஷோ த மெனேசிஸ் கூட்டிய சங்கம் 1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூர்த் தேவாலயத்தில் நடந்தது. அதில் கலந்துகொண்ட கத்தனார்கள் 153 பேர். பொதுநிலையினர் 660 பேர். அவையில் ஆயர் பட்டம் உடையவர் மெனேசிஸ் ஒருவரே. எண்ணூறுக்கு மேற்பட்ட ஏனையோர் அனைவரும் ஆயரல்லாதார். ஆகவே ‘இச்சங்கத்தில் தீர்மானித்தவர் யார்?’ என்னும் வினா இங்கு எழுவதுபோல் வேறெங்கும் கூர்மையாக எழுவதில்லை.

கூட்டத்தை அழைத்த பெயரே இருவேறு விடைகளைத் தருகிறது. 1606இல் கோயிம்பிராவில் அச்சான போர்ச்சுக்கீசிய நூல் இதனை ‘மறைமாவட்டச் சினோது’ என்று பெயரிடுகிறது. இலத்தீன் திருச்சபைச் சட்டத்தில் இது வரையறையுள்ள கலைச்சொல். மறைமாவட்டச் சங்கத்தில் சட்டம் இயற்றுபவர் ஆயர் ஒருவரே. குருமார் கருத்துரைப்போர் மட்டுமே. மலையாளத்திலோ ‘சூனகதோஸ்’ என்றனர். கிரேக்கச் சொல் சிரிய மொழி வழியாக வந்த வடிவம் இது. மலபார்க் கிறித்தவருக்கு இச்சொல்லில் ஆயரின் தனியதிகாரம் என்னும் பொருள் இல்லை. அவர்கள் அறிந்த அவை, பள்ளியோகம். ஊர்க் கத்தனார்களும் குடும்பத் தலைவர்களும் கூடிப் பள்ளியின் சொத்து, ஒழுங்கு முதலியவற்றை அங்கே முடிவு செய்தனர். ஒருவன் குருப்பட்டம் பெறவும் ஊரார் தரும் ‘தேசக்குறி’ தேவைப்பட்டது. ‘யோகம்’ என்ற சொல்லின் ஆற்றலைத் திருவனந்தபுரத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் ‘எட்டரை யோக’த்தில் மன்னருக்குரியது அரைப் பங்கே என்பது மரபு.

மெனேசிஸின் அழைப்பும் இம்மயக்கத்தை வளர்த்தது. எல்லாக் குருமாரும் வருதல் வேண்டும். ஒவ்வோர் ஊரினின்றும் மக்கள் தேர்ந்த நால்வர் முழு அதிகாரத்துடன் வருதல் வேண்டும் என அது கூறியது. முழு அதிகாரம் பெற்று வந்தோர் தம்மைக் கருத்துரைப்போராக மட்டும் எண்ணியிருப்பர் எனக் கொள்வதற்கில்லை. பேராயருக்கு அவர்கள் இசைவோர். தம்மளவில் அவர்கள் தீர்மானிப்போர். ஒரே ஒப்பத்தை இருசாராரும் இருவகையாகப் படித்தனர் என்பதே இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

இவ்விரு படிப்புக்கும் இடையில் நின்றவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். பள்ளுருத்திப் பங்கின் கத்தனாரான யாக்கோபு அவையின் மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டார். அவர் சரியாகப் பெயர்க்கிறாரா என்று கவனிக்க வைப்பிக்கோட்டைக் குருமடத்து இயேசு சபையினரான பிரான்சிஸ்கோ ரோஸ், அந்தோனியோ தொஸ்கானோ ஆகிய இருவர் உடனிருந்தனர். மொழிபெயர்ப்பாளர் ஆயரல்லாத உள்ளூர்க் குரு. அவரை மேற்பார்த்தவர்கள் அழைத்தவர் தரப்பினர். மொழிபெயர்ப்பின் மீதான கண்காணிப்பு ஒருபக்கமாகவே அமைந்திருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கருதவில்லை.

சங்கத்தின் செல்லுபடியை மறுத்து ஜோனாஸ் தாலியத் 1958இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. மலையாள உரையும் போர்ச்சுக்கீசிய உரையும் முற்றும் ஒத்தன அல்ல என்பதும், பின்னதில் உள்ள விதிகள் சில முன்னதில் காணப்படவில்லை என்பதும் அறிஞர் கண்ட செய்திகள். கத்தனார்கள் கேட்டு ஒப்பமிட்டது மலையாள உரை. வெளியுலகு சட்டமாக அறிந்தது போர்ச்சுக்கீசிய உரை. மைக்கேல் கெடஸ் 1694இல் ஆங்கிலத்தில் தந்ததும் பின்னதன் வழிப்பட்டதே. மலையாளப் பாடத்தை ஸ்கரியா சக்கரியா 1990களில் பதிப்பித்தார். மலையாள உரைநடை வரலாற்றுக்கு அப்பதிப்பு பெரிதும் பயன்பட்டது. மொழிபெயர்ப்பியலார் அதனை இன்னும் உரிய அளவில் பயன்கொள்ளவில்லை.

பட்டப்பெயர்களைச் சிறிது நோக்கலாம். ‘கசீசா’ என்னும் சிரியச் சொல்லுக்கு மூத்தவர் என்பது பொருள். கிரேக்கப் ‘பிரெஸ்பித்தெரோஸ்’ என்பதற்கும் அதுவே பொருள். தமிழ் விவிலியத்தின் ‘மூப்பர்’ இவ்விரண்டிற்கும் நேரானது. ஆனால் மலையாளத்தில் பெருவழக்குப் பெற்ற ‘கத்தனார்’ என்பது ‘கர்த்தன்’ என்பதன் திரிபும் ‘ஆர்’ விகுதியும் சேர்ந்தது என்பர். மூத்தவர் என்ற பொருள் தலைவர் என்று மாறியதைச் சொல்லே காட்டுகிறது. ‘செம்மாசன்’ (தியாக்கோன்) என்பதில் பணி செய்பவர் என்ற சிரியப் பொருள் மாறவில்லை. ‘மித்றான்’ என்னும் சிரியச் சொல் மலையாளத்தில் ‘மெத்திரான்’ ஆயிற்று. தமிழில் ‘மேல்’ என்னும் சொல்லின் சாயலேறி ‘மேற்றிராணியார்’ ஆயிற்று. மக்கள் சொற்பிறப்புக்கு இதனினும் நல்ல சான்று காண்டல் அரிது. பொன்முடி மலைச்சாரல் போன்ற இருமொழிப் பகுதிகளில் ஒரே குருவைத் தமிழர் ‘சாமி’ எனவும் மலையாளிகள் ‘அச்சன்’ எனவும் விளிக்கின்றனர். ஒன்று இறைமையையும் மற்றது தந்தைமையையும் சுட்டுகிறது. சிரிய ‘அப்பா’வினின்று பிறந்த ஐரோப்பிய மடத்தலைவர் பெயரை நம் ‘அப்ப’னோடு உறவுபடுத்துவாரும் உளர், அது தற்செயலான ஒலியொற்றுமை.

இவற்றுள் பெரும் முரண் ‘அர்க்கதியாக்கோன்’ என்பதில் உள்ளது. பெயரளவில் அவர் தியாக்கோன்மாருள் தலைவர். நடைமுறையிலோ ‘ஜாதிக்குக் கர்த்தவ்வியன்’ என்ற பட்டத்துடன் மலபார்க் கிறித்தவச் சமூகம் முழுவதையும் ஆண்டவர். உதயம்பேரூரில் அப்பதவியில் இருந்தவர் கீவர்கீஸ். இவரைத் தமிழில் ‘தலைமைத் தியாக்கோன்’ எனில் சொல் சரி, ஆள் தவறு. ‘அர்க்கதியாக்கோன்’ என்றே விடுதல் நன்று.

ஆங்கில வழியில் ‘கீழ்நிலைக் குருக்கள்’ என எழுதுவதும் ஏற்கத்தக்கதன்று. வாசகர், பீடப்பணியாளர் முதலிய சிறு பட்டத்தாரோடு குருமாரையும் அது குழப்பும். ‘ஆயரல்லாத திருப்பணியாளர்’ என்பது சற்று நீண்டாலும் தெளிவானது. ‘மடாதிபதி’ என்பதும் அவ்வாறே. சைவ ஆதீனங்களின் தலைமையை நினைவூட்டும் அச்சொல், தம் ஆயருக்கு அடங்கிய, குருப்பட்டம் பெறாதவராகவும் இருக்கக்கூடிய ஒரு துறவிக்குப் பொருந்துவதன்று. ‘மடத்தலைவர்’ போதும். சங்கத்திற்கான சொற்களில் இன்றும் தடுமாற்றம் உண்டு. கத்தோலிக்கர் ‘ஆயர் மாமன்றம்’ என்கின்றனர். ஆனால் 2023 அக்டோபரில் உரோமையில் அம்மன்றத்தில் பொதுநிலையினரும் வாக்களித்தனர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் ‘சினாடு’ தொடக்கம் முதலே குருமாரையும் பொதுநிலையினரையும் உறுப்பினராகக் கொண்டது. ஆயர் என்ற அடையை எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக்குதல் ஆகாது.

உதயம்பேரூரில் தீராத வினா 1653இல் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுச் சத்தியம் செய்த மக்கள், மே 22 அன்று ஆலங்காட்டில் கூடினர். அங்குக் கத்தனார்கள் பன்னிருவர் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமேல் கைவைத்து அவரை மெத்திரானாக்கினர். ஆயர் ஒருவரும் அங்கில்லை. இதனைத் தமிழாக்குவோர் ‘திருநிலைப்படுத்தினர்’ என்றால் அச்செயல் செல்லும் என்று ஒப்புக்கொண்டவராவர். ‘திருநிலைப்படுத்த முயன்றனர்’ என்றால் செல்லாது என்று தீர்ப்பளித்தவராவர். மலையாளத்தார் வழங்கும் ‘கைவைப்பு’ என்ற சொல் ஆயர் செய்யும் சடங்கையும் கத்தனார்கள் செய்த செயலையும் ஒருங்கே குறிக்கும். ‘கைவைத்தனர்’ என்றே தமிழிலும் எழுதலாம். நடந்தது அவ்வளவே, எஞ்சியது வழக்கு.