மூன்று ஏசிக்கு ஒரே ஒயர் ஏன் கூடாது?

சோழவரத்தின் ஜி.என்.டி. சாலையோர அலுவலகம் ஒன்றில் மூன்று ஏசி மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஒயர் ஒன்றிலேயே மூன்றையும் இணைத்தால் என்ன ஆகும்?

1.5 டன் ஏசி ஒன்று சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். மூன்றும் சேர்ந்தால் 24. ஒயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும் என்று 1841-இல் இயற்பியலாளர் ஜூல் காட்டினார். அதாவது மின்னோட்டம் 3 மடங்கானால் வெப்பம் 9 மடங்கு! சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி செல்சியஸ்தான். மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் ஓடும் குழாய்க்குள் அதில் பாதிக்கு மேல் வெயிலே எடுத்துக்கொள்ளும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இன்னும் மோசம்: தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, உறை அங்கேதான் முதலில் உருகும்.

ஆகவே ஒவ்வொரு ஏசிக்கும் மின் பகிர்வுப் பெட்டியிலிருந்து (டிபி பாக்ஸ்) தனி 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்சிபி, முறையான எர்த். எம்சிபி காப்பது ஒயரை. மனிதரைக் காக்க மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும்.

எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆனால் பெரியதாக மாற்றிவிடாதீர்கள்; உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.