சினைப்பை நீர்க்கட்டி நோயும் பெண்களின் மனநலமும்

துணைச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஒரு பெண்ணைப் பற்றி, “மாதவிலக்கு முறையாக வருவதில்லை; உடற்பருமன் உண்டு; மணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தையில்லை” என்று குறிக்கப்படுகிறது. அவள் மூன்று மாதங்களாக நன்கு உறங்கவில்லை என்பதும், உறவினர் வீட்டுச் சீமந்தத்திற்கும் பெயர் சூட்டு விழாவிற்கும் செல்வதை நிறுத்திவிட்டாள் என்பதும் அப்பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அவற்றை எவரும் கேட்பதில்லை. அவளும் தானாகச் சொல்வதில்லை. சினைப்பை நீர்க்கட்டி நோயுற்ற பெண்களிடம் மனத்துயரும் நோயின் ஒரு கூறாகவே காணப்படுகிறது. அதைத் தொடக்கத்திலேயே கேட்டறிய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரைச் சேர்ந்த ஸ்டைன், லெவெந்தால் என்னும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களின் நோய்க்குறிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அப்பெண்களின் சினைப்பைகள் பருத்து, அவற்றில் சிறு நீர்ப்பைகள் பல நிறைந்திருந்தன. இதைக்கொண்டே நோய்க்குப் பெயர் அமைந்தது. இன்று இது பி.சி.ஓ.எஸ். என்னும் சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுள் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் வரை இந்நோய்க்கு உட்படுகின்றனர் என 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன.

மக்கள் இதனைக் “கர்ப்பப்பையில் கட்டி” என்று வழங்குவதுண்டு. இதில் இரண்டு பிழைகள் உள்ளன. நோய் காணப்படுவது கருப்பையில் அன்று, அதன் இருபுறமும் அமைந்த சினைப்பைகளில். மேலும், காணப்படுபவை கட்டிகளும் அல்ல. மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிப்பட வேண்டும். இந்நோயில் முட்டையைத் தாங்கிய நுண்பைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. அல்ட்ராசவுண்டு படத்தில் அவை முத்துச்சரம்போலத் தோன்றும். “கட்டி” என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோயோ என்று அஞ்சி உறக்கமிழக்கும் பெண்கள் பலர். இவ்வச்சத்தை நீக்குவதே ஊழியர் செய்யத்தக்க முதல் உதவியாகும்.

நோயின் வேர் ஹார்மோன்களின் சமநிலைக் கேட்டில் உள்ளது. இந்நோயுற்ற பலருடைய உடலில் இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. குறையை ஈடுசெய்ய உடல் மிகுதியான இன்சுலினைச் சுரக்கிறது. அம்மிகுதி சினைப்பைகளைத் தூண்டவே, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள் அளவுக்கு மேல் உண்டாகின்றன. இதன் விளைவாக மாதவிலக்கு தாமதமாகிறது, முகத்தில் உரோமமும் பருக்களும் தோன்றுகின்றன, தலைமயிர் குறைகிறது. பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

மனம் துன்புறுவது ஏன்?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வுரை ஒன்று கருதத்தக்கது. மனச்சோர்வின் குறிகள் இந்நோயுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேரிடமும், நோயற்ற பெண்களில் 14 பேரிடமும் காணப்பட்டன. மனப்பதற்றத்தின் குறிகள் முறையே 42 பேரிடமும், ஏறத்தாழ 9 பேரிடமும் இருந்தன. உடற்பருமனே இதற்குக் காரணம் என்று எண்ணுவோர் உளர். ஆயின், ஒத்த பருமனுடைய பெண்களை ஒப்பிட்டபோதும் இவ்வேறுபாடு மறையவில்லை.

காரணம் ஒன்றன்று. ஹார்மோன் மாறுதல்களும் இன்சுலின் கோளாறும் மூளையை எவ்வாறு பாதிக்கின்றன என்பது ஆராயப்பட்டு வருகிறது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் தொல்லை இந்நோயில் மிகுதி. அதனால் பகலெல்லாம் அயர்வு உண்டாகிறது. இவற்றோடு, கண்ணாடியைக் காணும்போதெல்லாம் தோன்றும் கூச்சமும், பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வரோ என்ற அச்சமும், “விசேஷம் ஏதும் உண்டா?” என்று ஊரார் கேட்கும் கேள்வியும் சேர்கின்றன. நோயை உறுதி செய்யப் பல ஆண்டுகள் மருத்துவமனை மாறி அலைவதும் மனத்தைத் தளர்த்துகிறது.

மற்றுமொரு செய்தியை ஊழியர்கள் மறத்தலாகாது. இந்நோய்க்கு முதல் சிகிச்சையாகக் கூறப்படுவன முறையான உணவும் உடற்பயிற்சியும் ஆகும். மனச்சோர்வுற்ற பெண்ணால் காலையில் எழுவதே அரிது. அவள் நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வது எங்ஙனம்? செய்யாதபோது, “சோம்பேறி” என்றும், “வாயைக் கட்டத் தெரியாதவள்” என்றும் அவள் ஏசப்படுகிறாள். ஏச்சினால் சோர்வு மிகுகிறது. சோர்வினால் சிகிச்சை தடைப்படுகிறது. பட்டினி கிடந்து, பின் அளவின்றி உண்ணும் தீய பழக்கமும் சிலருக்கு ஏற்படுகிறது. ஆகவே மனத்தைக் கவனியாமல் உடலைத் திருத்த முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

ஆசிரியர்கள் அறிய வேண்டுவன

பூப்பெய்திய முதலாண்டில் மாதவிலக்கு முறைதவறி வருவது இயல்பே. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 21 நாட்களுக்குக் குறைவாகவோ 45 நாட்களுக்கு மேலாகவோ இடைவெளி இருப்பின் மருத்துவரை நாடலாம். பதினைந்து வயதாகியும் பூப்பு நிகழாதவளையும், மூன்று மாதங்களுக்கு மேல் விலக்கு நின்றவளையும் அவ்வாறே அனுப்பவேண்டும் என்று குழப்பிக்கொள்ளாதிருக்க, சுருங்கக் கூறின்: பதினைந்து வயது நிறைந்தும் பூப்பெய்தாத பெண்ணும், விலக்கு நெடுநாள் நின்றுபோன பெண்ணும் மருத்துவரைக் காணவேண்டியவர்கள். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் நிறைவதற்கு முன் அல்ட்ராசவுண்டு படத்தை மட்டும் கொண்டு இந்நோயை உறுதி செய்தல் கூடாது. அவ்வயதில் ஆரோக்கியமான பெண்களின் சினைப்பைகளிலும் நுண்பைகள் பல காணப்படும். தவறாக நோயாளி என்று பெயரிடுவதும் ஒரு தீங்கேயாகும்.

வகுப்பில் முன்பு கலகலப்பாக இருந்த மாணவி பின்வரிசைக்கு ஒதுங்குவது, விளையாட்டு வேளையில் தலைவலி என்று விலகுவது, கையால் முகத்தை மறைத்துப் பேசுவது, அடிக்கடி பள்ளிக்கு வாராதிருப்பது ஆகியவை கவனிக்கத்தக்க குறிகள். இவற்றைக் காணும் ஆசிரியை அவளைத் தனியே அழைத்துப் பேசுதல் வேண்டும். உடன் பயிலும் மாணவர் முகத்து உரோமத்தையோ பருமனையோ சுட்டிக் கேலி செய்வதைக் கண்டிக்க வேண்டும். எடை பார்க்கும்போது எண்ணை உரக்கப் படித்தலும் தகாது.

ஊழியர் செய்யத்தக்கவை

நோய் அறியப்பட்ட ஒவ்வொரு பெண்ணிடமும் மனநிலையைக் கேட்டறிய வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டி நெறிகளின் பரிந்துரை. இதற்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. மாமியாரும் அண்டை அயலாரும் இல்லாத இடத்தில் அமர்ந்து, “இப்போதெல்லாம் மனம் எப்படி இருக்கிறது அம்மா?” என்று தொடங்கலாம். பின்னர், கடந்த இரண்டு வாரங்களில் முன்பு விரும்பிய செயல்களில் நாட்டம் குறைந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்த நிலை பெரும்பாலான நாட்களில் இருந்ததா, கட்டுப்படுத்த இயலாத கவலை உண்டா என வினவலாம். ஒன்றிற்கேனும் ஆம் என்று விடை வருமாயின் மருத்துவ அதிகாரியிடம் அனுப்புதல் முறை.

வாழ விருப்பமில்லை என்று ஒரு பெண் சொல்வாளாயின் அதை வெறும் பேச்சென ஒதுக்கலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை. அவளைத் தனியே விடாது, உடனே மருத்துவ உதவி பெறச் செய்ய வேண்டும். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

“திருமணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறுதல் தவறு. திருமணம் இந்நோய்க்கு மருந்தன்று. இந்நோயுற்றவர்க்குக் குழந்தையே பிறவாது என்பதும் பொய். பெரும்பாலோர் இயற்கையாகவோ மருத்துவ உதவியுடனோ தாயாகின்றனர். இவ்வுண்மையைக் கணவனுக்கும் மாமியாருக்கும் விளக்கினால் அப்பெண்ணின் பாரம் பாதியாகக் குறையும்.

சிகிச்சை

மனச்சோர்வுக்கு உளவியல் ஆலோசனையும் தேவைப்படின் மருந்தும் உண்டு. மனநல மருந்துகளுள் சில உடல் எடையைக் கூட்டும். வால்புரோயேட் என்னும் மருந்து இந்நோயின் குறிகளையே தோற்றுவிக்கக்கூடும். ஆதலால், தனக்குள்ள நோய்கள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுமாறு அப்பெண்ணுக்கு உணர்த்துக. ஆனால் எம்மருந்தையும் தானே நிறுத்தலாகாது. உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, சிறிது தொலைவு நடந்தாலும் நன்மையே. எடை குறையாவிடினும் அதனால் உடலும் மனமும் பயன்பெறும் என்று ஊக்குவிக்க வேண்டும்.

இந்நோய் நெடுங்காலம் உடனிருப்பது. ஒருநாள் ஆலோசனையால் தீர்வதன்று. அடுத்த முறை அவ்வீட்டிற்குச் செல்லும் ஊழியர், எடையையும் விலக்கு நாளையும் கேட்பதற்கு முன் அவள் உறங்கினாளா என்று கேட்பாராக. பதிவேட்டில் அதற்கென ஒரு கட்டம் இல்லாவிடினும், குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுத இடமுண்டு.