பெல்லாரி முதல் கோவா வரை: ஊருக்குள் வந்த மனநல மருத்துவம்

இந்தியாவில் மனநல மருத்துவம் என்பது நெடுங்காலம் மதில் சூழ்ந்த பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே இருந்தது. ஒரு பக்கம் கீழ்ப்பாக்கம், இன்னொரு பக்கம் ராஞ்சி, ஆக்ரா. கிராமத்துக் குடும்பம் ஒன்று அங்கே போய்வர வேண்டுமானால் பல நாள் கூலி போகும். அங்கே சேர்க்கப்பட்டவர்களில் பலர் குணமான பிறகும் அழைத்துப்போக ஆளில்லாமல் வருடக்கணக்கில் தங்கிப்போனார்கள்.

இந்த நிலையை மாற்றும் முயற்சி 1975-ஐ ஒட்டி இரண்டு இடங்களில் தொடங்கியது. ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் சண்டிகர் மருத்துவ ஆய்வு நிறுவனமும், பெங்களூருக்கு அருகே சக்கலவாராவில் நிமான்ஸ் மனநல நிறுவனமும் ஒரே கேள்விக்கு விடை தேடின. மனநல மருத்துவர் இல்லாத ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரும் கடுமையான மனநோயை அடையாளம் கண்டு மருந்து கொடுக்க முடியுமா? முடியும் என்று தெரிந்தது. வலிப்பு நோயும் இதில் சேர்ந்திருந்தது. விலை குறைந்த சில மருந்துகளே போதுமானவையாக இருந்தன.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. ஒரு வட்டாரத்தில் நடந்தது ஒரு முழு மாவட்டத்தில் நடக்குமா என்பதை நிமான்ஸ் 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்தது. அங்கே மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியோடு விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். மாவட்டத் தலைநகரில் ஒரு மனநலக் குழு இருந்தது. சிக்கலான நோயாளிகளை அங்கே அனுப்பலாம். எளிய பதிவேடுகள் வைத்திருந்தார்கள், அவற்றைத் தொடர்ந்து பார்வையிட்டார்கள். மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். மனச்சிதைவு உள்ளவருக்கு மருந்து நின்றால் நோய் பெரும்பாலும் திரும்பிவிடும். அடுத்த மாதம் மாத்திரை கிடைக்குமா என்பது அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

பெல்லாரியை முன்மாதிரியாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் திருச்சியும் ஒன்று. பிறகு அது நாடெங்கும் விரிந்தது. ஆனால் விரிந்த இடமெல்லாம் பெல்லாரி ஆகிவிடவில்லை. பல மாவட்டங்களில் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன, ஒதுக்கிய பணம் செலவாகவில்லை, பயிற்சி பெற்ற டாக்டர் மாற்றலாகிப் போனார். பயிற்சி முகாமை நடத்துவது எளிது. அதன் பிறகு மாதாமாதம் வந்து மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டும், அதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சேவை எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழகத்தின் ஏர்வாடி காட்டியது. அங்குள்ள தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை, சகோதரர்களை அங்கிருந்த தனியார் காப்பகங்களில் விட்டுப் போயிருந்தன. ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஊருக்குப் பக்கத்தில் வேறு வழி அவர்களுக்குக் காட்டப்படவே இல்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னாளில் ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

இதுவரை பார்த்தது கடுமையான மனநோய்; மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு வேறு வகை உதவி வேண்டும். இவற்றால் வாடுபவர்கள் உடம்பு வலி, அசதி, தூக்கமின்மை என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனம் இதற்கென்று உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்களைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பின்னணி இல்லாத அவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி தந்து சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தியது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட முடிவு இது: அரசு சுகாதார நிலையங்களுக்கு வந்து நோய் உறுதியானவர்களுள், ஆலோசகரின் உதவி கிடைத்தோரில் ஆறு மாதத்தில் 65.9 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் 42.5 சதவீதம் பேர்தான் தேறினார்கள். தனியார் மருத்துவர்களிடம் வந்தவர்களில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. தங்கள் நோயாளிகளை நெடுநாள் அறிந்து, நேரம் கொடுத்துப் பேசும் பழக்கம் அந்த மருத்துவர்களிடம் முன்பே இருந்தது காரணமாக இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி பெரிது. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது, அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் இலவசத் தொலைபேசி ஆலோசனை தொடங்கியது. தமிழிலும் பேசலாம். அந்தப் பேச்சு ஒருவரை மருத்துவமனைக்குப் போகச் சொல்லி முடியும்போது, அவருக்கு மருந்து கொடுக்க வேண்டியது அதே பழைய ஆரம்ப சுகாதார நிலையமும் மாவட்ட மருத்துவமனையும்தான்.