கணிப்பொறியின் கடிகாரமும் பதிவேடும்

எந்த அலுவலகத்திலும் தபால் பிரிவு மேசையில் ஒரு நாள் முத்திரை இருக்கும். வந்த கடிதத்தின்மீது அந்த முத்திரை குத்தப்பட்டு, தபால் பதிவேட்டில் வரிசை எண் இடப்பட்ட பின்னரே அது கோப்புக்குள் செல்லும். மேல்முறையீடு கெடுவுக்குள் வந்ததா, ஒப்பந்தப்புள்ளி மூன்று மணிக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்ற வழக்குகளில் கடைசியில் பேசுவது அந்த முத்திரைதான்.

இன்று அந்த முத்திரையைக் குத்துவது பெரும்பாலும் ஒரு சேவைக் கணிப்பொறி. விண்ணப்பம், வரிக் கணக்கு, ஒப்பந்தப்புள்ளி ஆகியவை வந்து சேர்ந்த நொடியை அதுவே குறித்துக்கொள்கிறது. யார் உள்ளே நுழைந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதையும் தன் பதிவேடுகளில் எழுதிக்கொள்கிறது. இத்தகைய கணிப்பொறிகளில் மிகப் பலவற்றை இயக்குவது லினக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இயக்க முறையின் வழியைப் பின்பற்றி, 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. நமது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறையும் அதன் அடிப்படையில் அமைந்ததே. லினக்ஸ் கணிப்பொறியின் கடிகாரமும் பதிவேடும் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை ஒழுங்காக வைத்திருக்கப் பொறுப்பாளர் செய்ய வேண்டியவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடிகாரம் பிசகுவது ஏன்?

கணிப்பொறியினுள் உள்ள கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடுவது. வெப்பநிலையும் படிகத்தின் வயதும் அந்த அதிர்வைச் சற்றே மாற்றிவிடுகின்றன. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்பது சாதாரணமாகக் காணப்படுவதே. ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஆகவே நாளொன்றுக்குச் சுமார் 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல், ஆண்டுக்கு 10 நிமிடம் என வேறுபாடு வளரும். 1906க்கு முன் ரயில்வேக்கள் பின்பற்றிய சென்னை நேரத்துக்கும் இன்றைய இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளியே சுமார் 9 நிமிடந்தான். ஓராண்டு கவனிக்கப்படாத கணிப்பொறி, தானே ஒரு தனி நேர மண்டலத்தை ஏற்படுத்திக்கொண்டு விடுகிறது எனலாம்.

யூனிக்ஸ் மரபில் காலம் என்பது ஓர் எண் மட்டுமே. 1970 ஜனவரி 1ஆம் நாள், உலகப் பொது நேரப்படி நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கையே அது. நம் நாட்டில் அப்போது காலை மணி 5.30. இந்த எண்ணை 32 இருமக் கூறுகளில் அடக்கி வைக்கும் பழைய மென்பொருள்களில் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குப் பிறகு இடம் போதாமல் போகும். முப்பது ஆண்டுக்கால ஓய்வூதியத்தையோ கடனையோ கணக்கிடும் பழைய நிரல்களில் இக்கோளாறு அதற்கு முன்பே தலைகாட்டக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கணிப்பொறி உள்ளே வைத்திருப்பது பொது நேரம். இந்திய நேரம் என்பது, நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிச் சொல்வது மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாததால் நேரும் தொல்லைகள் பல. வாடகைக்கு எடுக்கப்படும் கணிப்பொறிகள் பெரும்பாலும் பொது நேரத்திலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. அதில் நள்ளிரவு 12 மணிக்குப் படி எடுக்கும் பணி நடக்க வேண்டுமென்று ‘கிரான்’ அட்டவணையில் எழுதினால், அது நமது காலை 5.30க்கு நடக்கும். காலை 5 மணிக்கு என்று எழுதினாலோ 10.30க்கு, அதாவது அலுவலக நெரிசல் வேளையில் நடக்கும்! ‘டைம்டேட்சிடிஎல்’ என்ற கட்டளையை இட்டால் உள்ளூர் நேரம், பொது நேரம், நேர மண்டலம், கடிகாரம் ஒத்திசைந்துள்ளதா என்ற விவரம் அனைத்தும் ஒருசேரத் தெரியும். அதே கட்டளையுடன் ‘செட்-டைம்சோன்’ என்பதையும் ‘ஆசியா/கொல்கத்தா’ என்ற பெயரையும் சேர்த்து இட்டால் நேர மண்டலம் மாறிவிடும். மாற்றிய பின் கிரான் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். இல்லாவிடில் அது பழைய மண்டலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

நேரத்தைக் கேட்டுப் பெறும் முறை

பிசகும் கடிகாரத்தைத் திருத்த, வலையமைப்பு வழியே நம்பகமான கடிகாரத்திடம் நேரம் கேட்கும் நெறிமுறை ஒன்று உண்டு. அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த இம்முறை 1985 முதல் வழக்கில் உள்ளது. நமது கணிப்பொறி, கேள்வி புறப்பட்ட நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. எதிர்முனை, அது வந்து சேர்ந்த நேரத்தையும் தன் விடை புறப்பட்ட நேரத்தையும் குறித்து அனுப்புகிறது. விடை வந்து சேர்ந்த நேரத்தை நமது கணிப்பொறி குறித்துக்கொள்கிறது. இந்த நான்கு குறிப்புகளிலிருந்து வழிப்பயணத்துக்கு ஆன நேரத்தைக் கணக்கிட்டு, போகவும் வரவும் சமமான நேரம் ஆனதாகக் கொண்டு, தன் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று அது அறிகிறது.

யாரிடம் கேட்பது? இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களைக் கொண்டு பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். கணிப்பொறிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறியுரை, இந்த ஆய்வுக்கூடத்தின் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேரச் சேவையுடன், அல்லது அவற்றைச் சார்ந்து இயங்கும் சேவையுடன் கணிப்பொறிகளை ஒத்திசைக்க வேண்டும் என்று விதித்தது. பதிவேடுகளை 180 நாள்களுக்குக் காத்து வைக்கவும், ஊடுருவல் போன்ற நிகழ்வுகளைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் அதே நெறியுரை பணித்தது.

இதற்குப் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் கிடைக்கும் மென்பொருள் ‘குரோனி’. ‘எட்சி’ அடைவில் உள்ள அதன் அமைப்புக் கோப்பில், ‘சர்வர்’ என்ற சொல்லுக்குப் பின் நேரச் சேவையின் முகவரியை வரிக்கு ஒன்றாக எழுதிச் சேவையை மீண்டும் தொடங்கினால் போதும். பின்னர் ‘குரோனிசி சோர்சஸ்’ என்று கேட்டால், எந்தெந்த முனைகள் விடை தருகின்றன என்ற பட்டியல் வரும். நட்சத்திரக் குறி இட்ட முனையே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒன்றும் விடை தரவில்லை எனில் அலுவலகத்தின் தடுப்பரண் 123ஆம் எண் வாயிலை மூடி வைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். எத்தனை முனைகள் வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. இரண்டு கடிகாரம் உள்ளவனுக்கு எது தவறு என்று தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை கொண்டு தவறானதை ஒதுக்கலாம். ஒன்று பழுதுபட்டாலும் தாங்கும்படி நான்கு வைப்பது மேலும் நன்று. அலுவலகத்தில் நூறு கணிப்பொறிகள் இருந்தால் நூறும் புதுதில்லியைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கணிப்பொறிகள் வெளியே கேட்டு, மற்றவற்றுக்குச் சொன்னால் போதுமானது.

நெடுநாள் கவனிக்கப்படாத கணிப்பொறியைத் திருத்தும்போது அவசரம் கூடாது. கடிகாரத்தைத் திடீரெனப் பின்னோக்கித் தள்ளினால், ஏற்கெனவே கடந்த நிமிடங்கள் மீண்டும் ஒருமுறை வரும். பிறகு பதிந்த மனு, முன்பு பதிந்த மனுவுக்கு முந்தியதாகக் காட்சி தரும். இதனால்தான் குரோனி சிறு பிழைகளைக் கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் படிப்படியாகச் சரி செய்கிறது. பிழை பெரிதாயின், தரவுத்தளச் சேவையை நிறுத்தி, அலுவல் நேரத்துக்குப் பின் திருத்துவதே முறை. திருத்துவதற்கு முன் கடிகாரம் எத்தனை நிமிடம் எத்தனை நொடி பிசகியிருந்தது என்பதை நாளிட்டுக் கையொப்பமிட்டு எழுதி வைக்க வேண்டும். பழைய பதிவுகளைப் பிற்காலத்தில் யாராவது ஒப்பிட நேர்ந்தால் அந்த ஒரு வரியன்றி வேறு துணை இராது. நடைமுறையில் இது எழுதப்படுவது அரிது.

நொடிக் கணக்கு அற்பமானதன்று என்பதற்கு 2012ஆம் ஆண்டு சான்று. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகும் பொருட்டு அவ்வாண்டு ஜூன் 30 நாளின் முடிவில், நமக்கு ஜூலை 1 காலை 5.30க்குச் சற்று முன், உலக நேரத்தில் ஒரு நொடி கூட்டப்பட்டது. அந்த ஒற்றை நொடியைக் கையாள்வதில் லினக்ஸ் கருவிலிருந்த பிழையால் உலகெங்கும் பல சேவைக் கணிப்பொறிகள் திணறி நின்றன. ஆஸ்திரேலிய விமானப் பயணிகள் நிலையங்களில் காத்திருக்க நேர்ந்தது.

நான்கு வாரமும் நூற்றெண்பது நாளும்

இனிப் பதிவேடு. லினக்ஸில் இவை ‘வார்’ அடைவினுள் ‘லாக்’ என்ற அடைவில் உள்ளன. உள்நுழைவு பற்றிய விவரங்கள் ரெட்ஹேட் வகைத் தொகுப்புகளில் ‘செக்யூர்’ என்ற கோப்பிலும், டெபியன் வகையில் ‘ஆத்.லாக்’ என்ற கோப்பிலும் எழுதப்படுகின்றன. கோப்பு அளவின்றி வளராமல் இருக்க, ‘லாக்ரொட்டேட்’ என்ற நிரல் குறித்த காலத்துக்கு ஒருமுறை பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கி வைக்கிறது. எண்ணிக்கை மிஞ்சியதும் மிகப் பழையதை அழித்துவிடுகிறது.

இங்கேதான் பலரும் கவனியாத ஓர் இடைவெளி உள்ளது. இந்நிரலின் பொது அமைப்பு பல தொகுப்புகளில் ‘வாரம் ஒருமுறை, நான்கு கோப்புகள்’ என்றே வருகிறது. அதாவது பதிவேடு ஏறத்தாழ ஒரு மாதமே நிலைக்கும். விதி கேட்பதோ 180 நாள். ஊடுருவியவர் மூன்று மாதங்களுக்கு முன் நுழைந்திருந்தால், அந்த நாளின் ஏட்டை விதிமுறைப்படி, தானாகவே, யாருடைய தவறுமின்றிக் கணிப்பொறி அழித்திருக்கும். ‘ரொட்டேட்’ என்ற சொல்லுக்கு எதிரே 4 என்பதை 26 என மாற்றினால் 182 நாள்கள் கிடைக்கும். ஆனால் பொதுக் கோப்பில் மாற்றியதோடு பணி முடிவதில்லை. ‘லாக்ரொட்டேட்.டி’ அடைவில் ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கோப்பு இருக்கலாம். அதில் உள்ள எண்ணே செல்லும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பின் ‘-டி’ என்ற குறியுடன் நிரலை ஒத்திகையாக ஓட்டினால், எதையும் மாற்றாமல் என்ன செய்யவிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

ஆறு மடங்கு காலம் என்றால் ஆறு மடங்கு இடமும் வேண்டும். ‘டியூ’ கட்டளையால் ஒரு வாரப் பதிவேட்டின் அளவை அறிந்து 26ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டே எண்ணை மாற்ற வேண்டும். ‘கம்ப்ரஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் பழைய ஏடுகள் சுருக்கி வைக்கப்படும். எழுத்துப் பதிவுகள் பத்தில் ஒரு பங்காகவும் சுருங்குவதுண்டு. பதிவேடுகளுக்கு வட்டில் தனிப் பிரிவு ஒதுக்குவதும் நலம். இல்லையேல் ஒரு நாள் அவை வட்டை நிரப்பி, பொதுமக்களின் விண்ணப்பச் சேவையே நின்றுவிடக்கூடும்.

பழைய வழக்கப்படி எழுதப்படும் பதிவு வரிகளில் மாதம், தேதி, மணி மட்டுமே இருக்கும். ஆண்டும் இராது, நேர மண்டலமும் இராது. ஆறு மாத ஏட்டில் ஆண்டு மாறுவது இயல்பு. ‘ஆர்சிஸ்லாக்’ அமைப்பில் முழு நேர வடிவத்தைத் தேர்ந்தால், ஆண்டும் ‘+05:30’ என்ற குறியும் ஒவ்வொரு வரியிலும் வரும்.

இவை அனைத்தையும் செய்தாலும் ஒரு குறை நிற்கிறது. ‘ரூட்’ என்னும் முழு அதிகாரக் கணக்கைக் கைப்பற்றியவர் பதிவேட்டையும் திருத்த வல்லவர். எழுதியவரே அழிப்பானையும் வைத்திருக்கும் பதிவேடு சான்றாகாது. ஆகவே ஒவ்வொரு வரியும் எழுதப்படும் அக்கணமே வேறொரு கணிப்பொறிக்கும் செல்லுமாறு ஆர்சிஸ்லாக்கில் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த இரண்டாம் கணிப்பொறியின் பொறுப்பு வேறோர் அலுவலரிடம் இருத்தல் வேண்டும். காசாளரும் தணிக்கையாளரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பழைய விதிதான் இது. ரூட் கணக்கின் கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் ஒழிய வேண்டும். அவரவர் பெயரில் நுழைந்து ‘சுடோ’ வழியே பணியாற்றினால்தான் செய்தவர் யார் என்பது ஏட்டில் வரும். நால்வர் ஒரே பெயரில் பணியாற்றும் இடத்தில் தவறு நேர்ந்தால், அன்றைக்குப் பணியில் இருந்த கடைநிலை ஊழியர் மீதே ஐயம் விழுகிறது. தன் குற்றமின்மையைக் காட்ட அவருக்கு ஏட்டில் ஒரு வரிகூட இராது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது இணைக்க வேண்டிய சான்றிதழில் அப்பதிவின் ‘ஹாஷ்’ மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ‘எஸ்எச்ஏ256சம்’ என்ற கட்டளை, எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தைத் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். வாரந்தோறும் ஏடு ஒதுக்கப்பட்டதும் இந்த அடையாளத்தை எடுத்துத் தனியே வைப்பது ஐந்து நிமிட வேலையே.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் இவற்றைச் சரிபார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஐந்து மாதங்களுக்கு முந்தைய ஏதேனும் ஒரு நாளைச் சொல்லி, அன்று உள்நுழைந்தவர்களின் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லலாம். அடுத்து, ‘லாக்கர்’ என்ற கட்டளையால் ஒரு சோதனை வரியை எழுதச் செய்து, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் கணிப்பொறி உள்ள அறைக்கு நடந்து சென்று, அந்த வரி அங்கே எந்த நேரமிட்டு வந்திருக்கிறது என்று பார்க்கலாம்.