இருவாச்சிக்கு வேண்டும் ஒரு கிழமரம்

சிலமலையிலும் போடியிலும் விடியலில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறவர்கள், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் இரண்டு பறவை உலகங்களைக் கடந்துவிடுகிறார்கள். அடிவாரத்து முட்காட்டில் மயிலும் கவுதாரியும். மேலே ஈரச் சரிவில் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவி. 1933இல் திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய வந்த சாலிம் அலி, மெட்டுக்கு அப்பால் சாந்தன்பாறையிலும், பிறகு குமுளியிலும் முகாம் போட்டார்.

இந்த மலைகளில் நான் முதலிடம் கொடுப்பது பெரிய இருவாச்சிக்கு. உடல் நீளம் ஒரு மீட்டர் வரும். சிறகின் அடியில் இறகுகள் நெருக்கமாக மூடியிருக்காது. இடைவெளியில் காற்று பீறிடுவதால், பறவை கண்ணில் படும் முன்பே அதன் சிறகோசை காதில் விழும். கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெள்ளையாக இருந்தால் பெண்.

இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழக்கூழையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். இடுவது ஒன்றிரண்டு முட்டை. அடைகாக்க ஏறத்தாழ 40 நாள். உள்ளே இருக்கையில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதுவரை ஆண்தான் எல்லாம். தொண்டைப் பையில் நிரப்பிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி, கீறல் வழியே ஊட்டும். ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பமே பட்டினி.

இருவாச்சிக்கு மரங்கொத்தியைப் போல் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்து உளுத்த பெருமரம்தான் வேண்டும். ஏலச்செடிக்கு நிழல் தேவை என்பதால் தோட்டங்களில் காட்டுமரங்கள் இன்னும் நிற்கின்றன. அத்தி பழுத்தால், காட்டை ஒட்டிய தோட்டங்களுக்கும் இருவாச்சி வரும். தின்ற பழத்தின் விதைகளைத் தொலைவில் போட்டு அடுத்த தலைமுறை மரங்களையும் அதுவே விதைக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் கம்பம் வழியே குமுளி ஏறி, பெரியாறு தேசியப் பூங்காவுக்குப் போகலாம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீரில் மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு விரித்து உலர்த்தும். கரைக்காட்டில்தான் இருவாச்சியைத் தேட வேண்டும்.

2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. தோட்டக்காரர்களே, கவாத்துக்கு ஆள் விடும்போது பொந்துள்ள கிழமரத்தையும் அத்தியையும் இச்சியையும் விட்டுவையுங்கள். படமெடுப்பவர்களே, கூட்டடியில் நிற்காதீர்கள். ஆள் நின்றால் ஆண் இரையோடு திரும்பிவிடும்.