சக்கரங்களின் மேல் ஒரு வீடு

இல், இல்லம், மனை, அகம், குடில், உறையுள் என வீட்டைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல உள்ளன. இவற்றுள் எதைக் கேட்டாலும் நிலத்தில் ஊன்றி நிற்கும் ஒரு கட்டடமே மனக்கண்ணில் தோன்றும். சுவரும் கூரையும் அடுக்களையும் படுக்கையும் உடைய ஒரு வீடு, காலையில் ஓர் ஊரிலும் மாலையில் வேறோர் ஊரிலும் நிற்குமாயின் அதனையும் வீடு என்று சொல்லலாமா? அமெரிக்க நாட்டில் அவ்வாறு சொல்லி வாழும் குடும்பங்கள் உள்ளன. பணி ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்துகளை வாங்கி, இல்லமாக மாற்றி, அவற்றிலேயே அவர்கள் வாழ்கின்றனர். இத்தகைய பேருந்தை அந்நாட்டவர் 'ஸ்கூலி' எனச் செல்லமாக அழைப்பர்.

மஞ்சள் பேருந்து

பேருந்து வீட்டைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் பேருந்தைப் பற்றி அறிய வேண்டும். 1939ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாடு நடைபெற்றது. அதனைக் கூட்டியவர் பேராசிரியர் பிராங்க் சைர். அதற்கு முன்னர் அமெரிக்கச் சிற்றூர்களில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற வண்டிகள் ஊருக்கு ஒரு வகையாக இருந்தன. சில இடங்களில் குதிரை வண்டிகளும் ஓடின. பள்ளிப் பேருந்தின் நீளம், உயரம், நடைவழியின் அகலம் முதலிய 44 அளவீடுகளை அம்மாநாடு வகுத்தது. மஞ்சள் நிறமும் அங்கேதான் முடிவாயிற்று. விடியற்காலை மங்கலிலும் அந்திப்பொழுதிலும் அந்நிறம் எளிதில் கண்ணுக்குப் புலப்படும். அதன்மேல் எழுதிய கறுப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரியும். நம் நாட்டிலும் பள்ளிப் பேருந்துகள் மஞ்சள் நிறம் பூண்டிருப்பதை மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

நிறத்தைவிட முதன்மையானது அதன் உடற்கட்டு. அமெரிக்கப் பள்ளிப் பேருந்தின் கூரைக்கு 1977ஆம் ஆண்டு முதல் நடுவணரசின் கடுமையான விதி ஒன்று உண்டு. பேருந்தின் வெற்றெடையைப் போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரையின்மேல் அழுத்தினாலும், கூரை 13 செ.மீ. அளவுக்கு மேல் அமிழக் கூடாது. அந்நிலையிலும் அவசர வழிகள் திறக்க வேண்டும். பேருந்து கவிழ்ந்தால் உள்ளிருக்கும் பிள்ளைகள் நசுங்காமல் காப்பதே இதன் நோக்கம். இதற்காக எஃகு விலா எலும்புகள், தரையின் ஒரு புறத்தில் தொடங்கிக் கூரை வழியாக வளைந்து மறுபுறம் வரை செல்கின்றன. இவ்வளவு உறுதியான கூடு வேறு எந்தப் பழைய வண்டியிலும் எளிதில் கிடைக்காது. பன்னிரண்டு அல்லது பதினைந்து ஆண்டுகள் உழைத்த பேருந்தைப் பள்ளி நிர்வாகங்கள் ஏலத்தில் விற்றுவிடுகின்றன. சில ஆயிரம் டாலருக்கு அது கைக்கு வந்துவிடும். விலை மலிவு, கூடு வலிது. பேருந்து வீடுகள் பிறந்ததற்கு இவ்விரண்டே காரணம்.

முன்னோடிகள்

இவ்வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. கலிபோர்னியா மாநிலத்தில் பதினொரு பிள்ளைகளின் தந்தை ஒருவர், 1939இல் செய்யப்பட்ட ஒரு பள்ளிப் பேருந்தை வாங்கினார். அதில் அடுக்குக் கட்டில்களும் சமையலறையும் கழிவறையும் அமைத்து, விடுமுறை நாள்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார். பதினொரு பிள்ளைகளுக்கும் விடுதியில் அறை எடுப்பதைவிட அது சிக்கனம் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம்! அதே பேருந்தை 1964இல் எழுத்தாளர் கென் கேசி விலைக்கு வாங்கி, பல வண்ணங்கள் தீட்டி, நண்பர்களுடன் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சென்றார். அப்பயணத்தால் பேருந்து நாடெங்கும் புகழ்பெற்றது. அதன் உள்ளே முதன்முதலில் கட்டில் அடித்த தந்தையைப் பலர் அறியார்.

1971இல் ஏறத்தாழ முந்நூறு பேர், மாற்றியமைத்த பேருந்துகளில் அணிவகுத்துச் சென்று டென்னசி மாநிலத்தில் ஒரு பண்ணை நிலத்தில் குடியேறினர். வீடுகள் கட்டி முடிக்கும்வரை அப்பேருந்துகளே அவர்களுக்கு வீடாக இருந்தன.

கட்டும் முறை

பேருந்தை வீடாக்கும் வேலை, கட்டுவதில் தொடங்குவதில்லை; கழற்றுவதில் தொடங்குகிறது. பெரிய பேருந்து ஒன்றில் நடைவழிக்கு இருபுறமும் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வரிசை இருக்கைகள் இருக்கும். அவை திருகாணிகளால் தரையோடு இறுக்கப்பட்டவை. பல ஆண்டு ஈரத்தால் திருகாணிகள் துருவேறி இறுகிவிட்டால், மின் அரவைக் கருவியால் அவற்றை அறுத்தே எடுக்க வேண்டும். அதன்பின் ரப்பர் விரிப்பையும் அதன் அடியில் உள்ள பிளைவுட் பலகையையும் பெயர்க்க வேண்டும். இந்த இடத்தில் சிலர் அவசரப்படுவர். பழைய தரையின்மேலேயே புதிய பலகையைப் பரப்பிவிட்டால் ஒரு வார உழைப்பு மிச்சமாகும் அன்றோ? ஆனால், பனிக்காலத்தில் சாலையில் பனியை உருக்க உப்புத் தூவும் வழக்கம் வட மாநிலங்களில் உண்டு. அந்த உப்பு நீர் பிள்ளைகளின் காலணிகளோடு உள்ளே வந்து, திருகாணித் துளைகளின் வழியே பலகைக்கு அடியில் தேங்குகிறது. சாலையிலிருந்து தெறிப்பது எஃகுத் தகட்டை வெளிப்புறமிருந்தும் அரிக்கிறது. பலகையைப் பெயர்த்தால்தான் துரு தெரியும். துருவைச் சுரண்டி, ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, துருத்தடுப்புப் பூச்சு பூசிய பின்னரே புதிய தரை போடலாம். இதழ்களில் வரும் பேருந்து வீட்டுப் படங்கள் மிக அழகானவை. இந்தத் துருவைச் சுரண்டிய நாள்கள் அப்படங்களில் தெரிவதில்லை.

அடுத்தது வெப்பக் காப்பு. எஃகு வெப்பத்தை விரைவாகக் கடத்தும். கோடையில் பேருந்து அடுப்புப் போலக் காயும். குளிர்காலத்தில் உறங்குவோரின் மூச்சுக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீர்த்துளியாகும். அந்நீர் சுவருக்குள் இறங்கினால் மரம் உளுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் தகட்டுக்கும் உட்புற மரச்சுவருக்கும் இடையில் தெர்மாகோல் போன்ற நுரைப் பலகைகளை இடைவெளியின்றிப் பொருத்துகின்றனர். காற்று வெளியேறக் கூரையில் விசிறியும் வைக்கின்றனர்.

இனி, இடத்தின் அளவைப் பார்ப்போம். பெரிய பேருந்தின் உள் அகலம் ஏறத்தாழ ஏழரை அடி. ஓட்டுநர் பகுதியை நீக்கினால் நீளம் முப்பது அடி அளவில் எஞ்சும். உயரம் ஆறு அல்லது ஆறரை அடி. உங்கள் வகுப்பறைத் தரையில் ஏழரை அடி அளந்து சுண்ணக்கட்டியால் இரு கோடுகள் இட்டுப் பாருங்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே நடைவழி, அடுப்பு, கழிவறை, நால்வருக்குக் கட்டில், துணிமணிகள், பாடநூல்கள் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் சென்ற பிள்ளைகளுக்கு, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் வழக்கு புதிதன்று. பேருந்தில் வாழும் வீட்டில் அவ்வழக்கு நாள்தோறும் நடக்கும். ஆதலால் ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுக்கின்றனர். பகலில் உணவு மேசை, இரவில் அதுவே கட்டில். படிக்கட்டின் உள்ளே காலணிப் பெட்டி.

உயரம் போதாது எனக் கருதுவோர் எஃகு விலா எலும்புகளை அறுத்து, இடையில் புதிய துண்டுகளைப் பற்றவைத்துக் கூரையை உயர்த்துவர். நின்று நடமாட வசதி கிடைக்கும். பற்றவைப்பு செம்மையாக இல்லையேல், ஒன்றரை மடங்கு பாரம் தாங்கும் அந்தக் காப்பு போய்விடும். இப்பணியைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

நீரும் மின்சாரமும்

அமெரிக்காவில் நிலத்தில் கட்டிய வீட்டில் வாழும் நால்வர் குடும்பம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,100 லிட்டர் நீரைச் செலவிடுகிறது. பேருந்தில் 400 லிட்டர் தொட்டி இருந்தால் அதுவே பெரிது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். தொட்டி நிறைந்தால் 400 கிலோகிராம் ஒரே இடத்தில் அமரும். 72 மாணவர் ஏறும் பேருந்தை வடிவமைப்போர், மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ 54 கிலோகிராம் என்று எடை கணக்கிடுவர். அதன்படி அப்பேருந்து 3,800 கிலோகிராமுக்கு மேல் தாங்கும். எனவே மொத்த எடை பெரும்பாலும் சிக்கலாவதில்லை. மாணவர்கள் இருபுறமும் சமமாக அமர்ந்தனர். தொட்டியும் மின்கலமும் அலமாரியும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டால் வண்டி சாயும். இதுவே கவனிக்க வேண்டியது.

மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடுகளை வைக்கின்றனர். 400 வாட் தகடுகள் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு இரண்டு யூனிட் வரை தரலாம். விளக்கு, மின்விசிறி, சிறிய குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி ஆகியவற்றுக்கு அது போதும். குளிரூட்டியை இயக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவும் தீர்ந்துவிடும். மழை மூடிய நாளில் மாலை விளக்கைக்கூட எண்ணித்தான் ஏற்ற வேண்டும்.

ஓடும்போது காப்பு

வீடு நிற்கும்போது ஒரு வகைக் காப்பு வேண்டும். ஓடும்போது வேறு வகைக் காப்பு வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதனை எல்லாவற்றுக்கும் முன்னதாக எண்ண வேண்டும். அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகள் பலவற்றில் இருக்கைப் பட்டைகள் இல்லை. இருக்கைகள் நெருக்கமாகவும், முதுகுப்புறம் உயரமாகவும், மெத்தை போர்த்தியும் அமைந்திருப்பதால், திடீரென வண்டி நின்றால் பிள்ளை முன்னிருக்கையின் மெத்தையில் மோதித் தப்பும். இருக்கைகளைக் கழற்றிய நாளிலேயே அந்தக் காப்பும் கழன்றுவிடுகிறது. சாய்ந்து படிக்கும் மெத்தைப் பலகை, வண்டி ஓடும்போது இருக்கை ஆகாது. ஆகவே எத்தனை பேர் பயணம் செய்வார்களோ அத்தனை இருக்கைகளைப் பட்டையுடன், முன்நோக்கியபடி, பேருந்தின் எஃகுக் கட்டமைப்போடு சேர்த்து இறுக்க வேண்டும். மரத்தரையில் மட்டும் திருகினால் மோதலில் பெயர்ந்துவிடும். அலமாரிக் கதவுகளுக்கும் தாழ் வேண்டும். அடுப்பின்மேல் வைத்த இரும்புச் சட்டி, வளைவில் பறக்கக் கூடிய பொருளாகும்.

சமைக்கும் புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆதலால் கசிவுணரியைத் தாழ்வாகப் பொருத்துவர். எரிதல் முழுமையாக நிகழாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். அதற்குத் தனி எச்சரிக்கைக் கருவி உண்டு. பேருந்தின் பின்புற அவசரக் கதவை அடைத்துக் கட்டில் போடும் ஆசை பலருக்கு எழும். அக்கதவை அடைத்தல் ஆகாது.

சட்டமும் முகவரியும்

வீடாக்கிய பேருந்து மஞ்சளாகவே இருத்தல் கூடாது என்பது பல மாநிலங்களின் விதி. நிற்கும் பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்கு மின்னினால், பின்வரும் வண்டிகள் நின்றே ஆக வேண்டும். வீட்டுப் பேருந்தும் அதே தோற்றத்தில் திரிந்தால் மக்கள் அந்த அடையாளத்தை மதிக்க மறந்துவிடுவர். அதனால் துன்புறுவோர் சாலையைக் கடக்கும் பிள்ளைகளே. ஆகவே நிறத்தை மாற்றி, 'பள்ளிப் பேருந்து' என்னும் எழுத்துகளை அழித்து, மின்னும் விளக்குகளையும் நிறுத்தக் கையையும் நீக்குகின்றனர். பிறகு அதனை இல்ல ஊர்தியாகப் பதிவு செய்கின்றனர். காப்பீடு தர மறுக்கும் நிறுவனங்களும் உள. இந்தியாவில் இது இன்னும் அரிது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. கேரள அரசு 2021இல் தொடங்கிய கேரவன் திட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கானது, குடியிருப்போருக்கானதன்று.

பேருந்தில் வாழ்வோர் அனைவரும் ஊர் சுற்றும் ஆசையால் வந்தவர் அல்லர். வாடகை கட்ட இயலாமல் பேருந்தை நாடியவர்களும் அவர்களுள் உண்டு. இரு சாராருக்கும் ஒரு கேள்வி பொதுவானது: முகவரி எது? ஓட்டுநர் உரிமம், வாக்கு, மருத்துவக் காப்பீடு, பள்ளிச் சேர்க்கை அனைத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். சிலர் உறவினர் வீட்டு முகவரியைப் பயன்படுத்துவர். சிலர் தங்கள் அஞ்சலைப் பெற்று அனுப்பும் நிறுவனங்களை நாடுவர்; தெற்கு டகோட்டா மாநிலத்தில் இத்தகைய முகவரி பெற்றோர் பலர். பிள்ளைகளுக்குப் பெற்றோரே வீட்டில் பாடம் கற்பிக்க அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் இடம் தருகிறது. பயணம் செய்துகொண்டே இருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் அவ்வழியையே தேர்ந்தெடுக்கின்றன.

தகுந்த உறைவிடம் இல்லாமையால் வண்டியிலோ முகாமிலோ தங்க நேர்ந்த பிள்ளைகளுக்கு 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டம் துணை நிற்கிறது. முகவரிச் சான்று இல்லை, பழைய பள்ளியின் ஆவணங்கள் வரவில்லை என்று காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் அவர்களைத் திருப்பி அனுப்ப இயலாது. உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் வேண்டினால், முன்பு படித்த பள்ளிக்கே சென்றுவர ஊர்தி வசதியும் செய்து தர வேண்டும். அவ்வாறு வரும் ஊர்தி பல ஊர்களில் மஞ்சள் பேருந்தே.