சுரங்கம் எங்கே போகிறது?

மைசூர் விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், அரண்மனையைப் பார்த்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "இங்கேருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுரங்கம் போகுதாமே?" போகிறது என்று ஆட்டோக்காரர் சொல்வார், பூக்காரம்மாவும் சொல்வார். எந்த இடத்தில் என்று கேட்டால் மட்டும் "எப்பவோ அடைச்சுட்டாங்க." உள்ளே விஷக்காற்று, பாம்பு, திரும்பி வராத ஆடு. நம்மூரில் கோயிலுக்குக் கோயில் கேட்ட கதைதான். இந்தச் சுரங்கங்கள் ஒன்றுகூடச் சந்தைக்குப் போகாது. அரண்மனைக்கும் கஜானாவுக்கும்தான் போகும்.

ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி நடுவே ஒரு தீவு. சுரங்கம் என்றால் ஆற்றுப் படுகைக்குக் கீழே தோண்டியிருக்க வேண்டும். இதைச் சொன்னால் விருந்தாளிகளுக்கு முகம் வாடிவிடும். எங்கள் பேத்தியும் அந்தக் கட்சிதான். வீட்டு சம்ப் மூடியைத் திறந்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, "உள்ளே வழி இருக்கா பாட்டி?" என்பாள். மொட்டை மாடித் தொட்டியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகவே எல்லோரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலுள்ள கர்னல் பெய்லி நிலவறைக்கு அழைத்துப் போய்விடுவேன். ரங்கநாதர் கோயிலுக்குக் கிட்டத்தில்தான். படியிறங்கினால் வெள்ளையடித்த வளைவுக் கூரை. நூறடி நீளம் இருக்கும். சுவரிலிருந்து கற்பலகைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, அவற்றில் துளைகள். கைதிகளைச் சங்கிலியால் பிணைத்த துளைகள் அவை. கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தினார்கள் என்று கைடுகள் சொல்வதை விட்டுத்தள்ளுங்கள். ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தால் போதும், பேச்சு நின்றுவிடும்.

பெய்லி பிடிபட்டது நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று. ஹைதரும் திப்புவும் பெய்லியின் கம்பெனிப் படையைச் சின்னாபின்னமாக்கிய போர் அது. 1782இல் பெய்லி இங்கேயே, கைதியாகவே செத்தார். இதே தீவில் இன்னொரு நிலவறை மண்மூடி மறந்தே போய், 1895இல் தாமஸ் இன்மன் என்பவர் கண்ணில் பட்டது. நிஜமாகவே ஒளிந்து கிடந்தது அதுதான். அதைப் பற்றி எந்த ஆட்டோக்காரரும் சொன்னதில்லை.

திப்புவின் வெடிமருந்துக் கிடங்குகளும் பாதி தரைக்குக் கீழே கட்டியவை. ரயில் பாதையை இரட்டிப்பாக்க வழிமறித்த ஒன்றை, ஏறக்குறைய ஆயிரம் டன் கட்டடத்தை, 2017இல் ஜாக்கி வைத்துத் தூக்கி நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். அடியில் கஜானா ஏதும் கிடைக்கவில்லை.

கல்கிக்கு இந்தச் சுரங்க ஆசை நன்றாகத் தெரியும். 'பொன்னியின் செல்வ'னில் பழுவேட்டரையரின் நிலவறைப் பொக்கிஷத்துக்குள் வந்தியத்தேவனை விட்டுவிட்டு நம் வயிற்றைக் கலக்குவார். ஆனால் அவன் வெளியே வந்துவிடுவான் என்று நமக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இருட்டை ரசிக்கிறோம். பெய்லிக்கு அந்த வசதி இல்லை.

திப்புவுக்கும் இல்லை. 1799 மே 4 அன்று கோட்டை விழுந்தபோது சுரங்கம் எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. வளைவுக் கூரை போட்ட வாயில் வழியில், பிணக்குவியலுக்குள் கிடந்தார். இருட்டியபின் தீவட்டியோடு தேடி வந்து கண்டெடுத்தது டேவிட் பெயர்டின் ஆட்கள். அன்றைய தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பெயர்ட், புள்ளலூரில் பெய்லியோடு பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் விலங்கோடு கிடந்தவர்.